தீக்காயத்தில் செத்த தோலைக் கரைக்கும் நொதி மருந்து: கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்குப் புறங்கையில் ஆழமான தீக்காயம், டாக்டர். கத்தி வைக்காமலே செத்த தோலை எடுக்கலாமாமே, நிஜமா?

பதில்: நிஜம்தான். அன்னாசித் தண்டிலிருந்து எடுக்கும் புரோமிலைன் நொதிகள் கொண்ட நெக்சோபிரிட் என்ற மருந்து இருக்கிறது. இஸ்ரேலில் உருவானது. ஐரோப்பாவில் 2012லும் அமெரிக்காவில் 2022லும் அனுமதி பெற்றது. பொடியை ஜெல்லில் கலந்து கால் மணி நேரத்துக்குள் பூசிவிட வேண்டும். காயத்தைச் சுற்றி வாஸ்லின் கரை கட்டி, மேலே ஒட்டுத்தாள் மூடி நான்கு மணி நேரம் விடுவோம். அப்புறம் வழித்தால் கருகியதெல்லாம் கூழாக வந்துவிடும். அடியில் வெளிறிய தளத்தில் பொட்டுப் பொட்டாக ரத்தம் கசிந்தால் உயிருள்ள தோல் மிச்சம் இருக்கிறது. மஞ்சள் கொழுப்பு தெரிந்தால் பெரும்பாலும் தோல் ஒட்டு வைக்க வேண்டிவரும். கத்தியால் சீவும்போது நல்ல தோலும் கொஞ்சம் போகும். புறங்கைத் தோலோ மெல்லியது. அதனால்தான் கைக்கு இந்த முறை எனக்குப் பிடிக்கும்.

கேள்வி: வலிக்குமா, மேடம்?

பதில்: கடுமையாக வலிக்கும். கையென்றால் நரம்பு மரக்க ஊசி, இல்லையென்றால் மயக்க மருந்து. அந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் இதைத் தொடங்கவே கூடாது.

கேள்வி: முதல் நாளே வெள்ளைக் களிம்பு பூசிவிட்டோம். பரவாயில்லையா?

பதில்: சில்வர் சல்ஃபாடயசினைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதிலுள்ள வெள்ளியும், போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியும் நொதியின் வேலையைக் கெடுக்கும். முழுக்கக் கழுவி எடுத்துவிட்டுத்தான் இதைப் பூச முடியும். களிம்பு அப்பியிருந்தால் காயத்தின் ஆழமும் தெரியாது. சுட்டவுடன் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர், சுத்தமான துணி, பிறகு ஆஸ்பத்திரி. அவ்வளவு போதும்.

கேள்வி: கொலாஜினேஸ் களிம்பும் இதுதானா?

பதில்: இல்லை. அதுவும் செத்த தோலைக் கரைக்கும் நொதிதான், ஆனால் பாக்டீரியாவிலிருந்து வருவது. தினமும் பூசி, நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

கேள்வி: பப்பாளிக்காயை அரைத்து வைக்கலாமா?

பதில்: பப்பாளியிலும் இப்படிக் கரைக்கும் நொதி உண்டு. மேற்கு ஆப்பிரிக்க நாடான காம்பியாவில் மருத்துவமனையிலேயே குழந்தைகளின் தீக்காயத்துக்குப் பப்பாளிச் சதை வைத்திருக்கிறார்கள். அது மருத்துவர் கண்முன் நடந்தது. வீட்டில் தயவுசெய்து வேண்டாம்: கிருமி சேரும், காயில் வடியும் பால் நல்ல தோலையும் புண்ணாக்கும். பப்பாளியோ அன்னாசியோ ஒத்துக்கொள்ளாதவர்கள் நெக்சோபிரிட்டுக்கு முன்னாலும் அதைச் சொல்லியாக வேண்டும்.

கேள்வி: கரண்ட் அடித்த காயத்துக்கு?

பதில்: அதற்கும் அமிலக் காயத்துக்கும் இதைப் பரிந்துரைப்பதில்லை. மின்சாரம் உள்ளே தசையைக் கருக்கியிருக்கும். மேலே பூசும் மருந்து அங்கே எட்டாது.