வாசல் மணியும் பாஸ் சண்டையும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு பாத்திரமாக மாறிக் கதைக்குள் ஆடும் ஆர்பிஜி கேம்களை நான் எப்போதும் தனியாகவே விளையாடுகிறவன். நேற்று ஒரு பாஸ் சண்டையின், அதாவது பெரிய எதிரியுடனான சண்டையின் நடுவில் வாசல் மணி அடித்தது. ஆட்டத்தை நிறுத்தி வைக்க வழியே இல்லை. திரும்பி வந்து பார்த்தால் செத்துக் கிடக்கிறேன். இத்தனைக்கும் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டுத்தான் ஆடினேன். யாரோ நான்கு பேர் சேர்ந்து விளையாடுவதற்காக எனக்கு ஏன் இந்தத் தண்டனை? பலர் சேர்ந்து ஆடும் இந்த மல்டிபிளேயர் நுழைந்த இடத்திலெல்லாம் தனியாக ஆடுபவனின் கதை மெலிந்துவிடுகிறது என்பது என் எண்ணம். உங்கள் கருத்து என்ன?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வாசல் மணி விஷயத்தில் நான் உங்கள் கட்சி. காரணமும் நீங்கள் ஊகித்ததுதான். 'டார்க் சோல்ஸ்' போன்ற கேம்களில் வேறொரு ஆட்டக்காரர் உங்கள் உலகத்துக்குள் உதவிக்கும் வரலாம், உங்களைக் கொல்லவும் வரலாம். இருவருக்கும் பொதுவான நேரத்தை ஒருவர் மட்டும் எப்படி நிறுத்துவது? இணைப்பைத் துண்டித்தாலும் அந்த விதி மாறுவதில்லை. 'டார்க் சோல்ஸ்' கேமை உருவாக்கிய ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனமே 2019இல் மல்டிபிளேயர் இல்லாமல் 'செகிரோ'வை வெளியிட்டது. அதில் தாராளமாக நிறுத்திவிட்டுக் கதவைத் திறக்கப் போகலாம்.

ஆனால் நிறுத்த முடியாத அந்தச் சண்டையை இன்னொரு முறை நினைத்துப் பாருங்கள். பைக்குள் மருந்து தேடும்போதும் எதிரி நடந்து வந்துகொண்டே இருக்கிறான். குடுவையை வாயில் வைக்கும் அந்த ஒரு நொடியில் அடி விழலாம். இப்போது குடிப்பதா, இன்னும் ஒரு அடி அடித்துவிட்டுக் குடிப்பதா என்ற தவிப்பு அங்கிருந்துதான் வருகிறது. எனக்கு அந்த கேம்களில் பிடித்ததே அந்தத் தவிப்புதான்.

கதை மெலிகிறது என்பதற்கு உங்களுக்குச் சாதகமான நல்ல சாட்சி 2002இல் வந்த 'நெவர்விண்டர் நைட்ஸ்'. ஒரு ஆளுக்கு ஒரு பாத்திரம், மேலே கதையை நடத்துபவராக இன்னொரு ஆள் என்று பலர் கூடி ஆடுவதற்காகவே கட்டப்பட்ட கேம் அது. தனியாக ஆடுபவருக்குக் கிடைத்தது கூலிக்கு வரும் ஒரே ஒரு துணை. அவரையும் நேரடியாக இயக்க முடியாது. முந்தைய 'பல்தூர்ஸ் கேட்' கேம்களில் ஆறு பேர் கொண்ட குழுவை நடத்திப் பழகியவர்களுக்கு அது வெறிச்சென்று இருந்தது.

அதைவிட மோசம், மல்டிபிளேயர் கணக்குப் புத்தகத்துக்குள் நுழைவது. 'மாஸ் எஃபெக்ட் 3' (2012) வந்த புதிதில், நீங்கள் விண்மீன் மண்டலம் முழுக்க அலைந்து சேர்த்த படைபலத்தில் பாதியைத்தான் கணக்கில் எடுத்துக்கொண்டது. 6000 சேர்த்தால் 3000. மீதியைப் பெற வேண்டுமானால் மல்டிபிளேயர் பக்கம் போய்ச் சுட வேண்டும். கதையின் முடிவே அந்த எண்ணைப் பொறுத்தது என்பதால் பலர் கொதித்துப் போனார்கள். சில மாதங்களில் வரம்பைத் தளர்த்தினார்கள். அதே ஆண்டு வந்த 'டயாப்லோ 3' தனியாக ஆடினாலும் இணைப்பு வேண்டும் என்றது. கூடவே ஆட்டக்காரர்கள் ஆயுதங்களை விற்று வாங்க ஏலச் சந்தை வேறு. நல்ல வாள் அரக்கனிடமிருந்து விழுவதைவிடச் சந்தையில் வாங்குவது சுலபம் என்றானபின் அரக்கனை எதற்குக் கொல்வது? மறு ஆண்டு வந்த கன்சோல் பதிப்பில் சந்தை கிடையாது, இணைப்பும் கட்டாயமில்லை. பொருள்கள் குறைவாகவே விழுந்தன, ஆனால் விழுந்தவை தேறின. 2014 மார்ச்சில் கணினியிலும் சந்தையை மூடிவிட்டார்கள்.

சரி, எதிர்ப்பக்கத்துக்கு வருகிறேன். லாரியன் நிறுவனத்தின் கேம்களை நீங்கள் தனியாகத்தான் ஆடியிருப்பீர்கள். ஒரு வியாபாரியிடம் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பாத்திரத்துக்கு மாறி, பின்னால் போய் அவன் பையில் கைவிட்டதில்லையா? 'பல்தூர்ஸ் கேட் 3'இல் (2023) அது கிட்டத்தட்ட எல்லோரும் செய்யும் திருட்டு. நான்கு நண்பர்கள் ஆடும்போது ஒருவர் பேசுகிறார் என்பதற்காக மற்ற மூவரின் உலகத்தையும் உறைய வைக்க முடியாது. அதனால் வந்த சுதந்திரம் அது. நண்பர்களில் ஒருவன் கதைக்கு முக்கியமான ஆளைச் சும்மா வெட்டிப் போட்டாலும் ஆட்டம் நகர வேண்டும். ஆகவே ஒவ்வொரு முடிச்சுக்கும் இன்னொரு வழி வைத்தாக வேண்டும். பிணத்துடன் பேசலாம், சாவியில்லாவிட்டால் கதவை உடைக்கலாம். அந்த வழிகள் எல்லாம் தனியாக ஆடும் உங்களுக்கும் கிடைக்கின்றன.

இதற்கும் விலை உண்டு, மறைக்கவில்லை. வாய் சாமர்த்தியம் உள்ளவன் பின்னால் நிற்க, முன்னால் போன மந்தபுத்தி வீரனிடம் பேச்சு தொடங்கிவிட்டால் நடுவில் ஆளை மாற்ற முடியாது. ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

2014இல் வந்த லாரியனின் 'டிவினிட்டி: ஒரிஜினல் சின்' இன்னும் விநோதம். அதில் நாயகர்கள் இருவர். ஒருவனை மன்னிக்கலாமா என்று இருவரும் வாதிட்டு, ஒத்துவராவிட்டால் கல்-காகிதம்-கத்தரி ஆடித் தீர்த்துக்கொள்வார்கள். இரண்டு நண்பர்களுக்காக யோசித்தது. தனியாக ஆடினால் இரண்டு பக்கமும் நீங்களே பேசிக்கொள்ளலாம். முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அப்புறம் ஒரு இரவு, இரக்கம் பார்க்கும் ஒருத்திக்கும் கறாரான இன்னொருத்திக்கும் நடுவில் நானே பத்து நிமிடம் மாட்டிக்கொண்டேன்.

உங்களைப் போன்றவர்கள் மல்டிபிளேயரைத் திருப்பி அடித்த கதையும் உண்டு. 1998இல் வந்த முதல் 'பல்தூர்ஸ் கேட்'டில், சிங்கிள் பிளேயரில் நீங்கள் உருவாக்க முடிவது ஒரே ஒரு பாத்திரம்தான். குழுவில் ஆறு பேரும் தங்கள் கைப்பட உருவானவர்களாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் மல்டிபிளேயர் அறையைத் திறந்தார்கள். யாரையும் அழைக்கவில்லை. ஆறு இடத்தையும் தாங்களே நிரப்பிக்கொண்டு தனியாக ஆடினார்கள். இன்னும் ஆடிப் பார்க்கவில்லை என்றால் அப்படித் தொடங்குங்கள். அதில் வாசல் மணிக்கும் நிறுத்தி வைக்கலாம்.