மிக்ஸியைப் பெட்டியில் வைக்கும் முன்

கேள்வி: மகளின் பிரசவத்துக்காக நானும் கணவரும் நியூ ஜெர்சி போகிறோம். எஸ்.பி. ரோட்டில் ஒரு கடைக்காரர் யுனிவர்சல் அடாப்டர் ஒன்றைக் காட்டி, "எந்த நாட்டுக்கும் ஆகும்மா, மிக்ஸிகூட ஓடும்" என்கிறார். பில் கிடையாதாம், கெட்டுப்போனாலும் திரும்ப எடுக்க மாட்டாராம். போன் இரண்டு, லேப்டாப், கணவரின் நெபுலைசர், மிக்ஸி எல்லாம் கொண்டுபோகிறோம். வாங்கலாமா?
- வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: அந்தக் கடையில் வேண்டாம். "மிக்ஸிகூட ஓடும்" என்றபோதே விஷயம் தெரிந்துவிட்டது. அடாப்டர் பின்னின் வடிவத்தை மாற்றித் தரும், அவ்வளவுதான். வோல்ட்டேஜை அது தொடாது. நம் வீட்டில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்.

அதனால் முதலில் வீட்டிலுள்ள சார்ஜர்களைத் திருப்பிப் பாருங்கள். எழுத்து பொடியாக இருக்கும். போனில் படம் எடுத்துப் பெரிதாக்கினால் படிக்கலாம். இன்புட் என்ற இடத்தில் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் அடாப்டர் மட்டும் போதும். போன், லேப்டாப் சார்ஜர்கள் அநேகமாக இப்படித்தான் இருக்கும்.

நெபுலைசரைத்தான் கவனிக்க வேண்டும். இங்கே விற்கும் கம்ப்ரஸர் வகையில் பல 230 வோல்ட்டுக்கு மட்டுமே ஆனவை. அடியில் ஒட்டிய ஸ்டிக்கரைப் பாருங்கள். அப்படி இருந்தால், சார்ஜ் போட்டு ஓட்டும் சிறிய மெஷ் நெபுலைசர் வாங்கலாம். எல்லா மருந்தும் அதற்குச் சரிப்படாது, டாக்டரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

மிக்ஸியை விட்டுவிட்டுப் போங்கள். 120 வோல்ட்டில் அது உறுமுமே தவிர அரைக்காது. வோல்ட்டேஜை ஏற்றித் தரும் ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் ஓடும். ஆனால் 750 வாட் மிக்ஸியைத் தாங்கும் டிரான்ஸ்ஃபார்மரைச் சுமக்கிற எடையில் ஊறுகாயும் பருப்புப் பொடியும் கொண்டுபோய்விடலாம். அமெரிக்க வோல்ட்டேஜில் ஓடும் நம்மூர் மிக்ஸி அங்கேயே கிடைக்கிறது. மகள் வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கும், கேட்டுப் பாருங்கள். எலெக்ட்ரிக் கெட்டிலும் வேண்டாம். சூடு ஏறக்குறைய கால் பங்காகிவிடும்.

அடாப்டரில் என் ஓட்டு, அமெரிக்காவுக்கு மட்டுமான சின்ன மூன்று பின் அடாப்டருக்கு. யுனிவர்சல் அடாப்டர் கனமாக இருக்கும், பழைய சாக்கெட்டில் நிற்காமல் சரியும். பலவற்றில் எர்த் இணைப்பே இல்லை. லேப்டாப்பின் உலோக உடம்பைத் தொட்டால் விறுவிறு என்று இழுப்பது அதனால்தான். சிலவற்றில் '880 வாட் 110 வோல்ட், 1840 வாட் 230 வோல்ட்' என்று அச்சிட்டிருக்கும். இரண்டும் அதே 8 ஆம்பியர்தான். கடைக்காரர் பெரிய எண்ணைக் காட்டுவார். உங்களுக்கு அங்கே பொருந்துவது சின்ன எண். ஓர் அடாப்டரில் நம்மூர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் செருகி போன், லேப்டாப்பை மட்டும் சார்ஜ் செய்யலாம்.

பில் விஷயத்துக்கு வருகிறேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே முறையற்ற வணிகம். பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் அப்படித்தான். பில்லில் கெடு எழுதியிருக்காவிட்டால் 30 நாள் வரை உங்களுக்கு உரிமை உண்டு. புகாருக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால் கையில் பில் இல்லாமல் வழக்காடுவது கஷ்டம், அதனால் பில் தரும் கடையிலேயே வாங்குங்கள்.

கேள்வி: அமெரிக்காவுக்கு வாங்கிய அடாப்டர் சிங்கப்பூருக்கு ஆகுமா?
- வாசகர், மல்லேஸ்வரம்

பதில்: ஆகாது. அங்கே மூன்று தடித்த செவ்வகப் பின். மலேசியா, துபாய், லண்டனிலும் அதுவே. வோல்ட்டேஜ் நம்முடையதை ஒட்டியதுதான், அந்தக் கவலை இல்லை. மேல் துளையில் பேனாவைக் குத்தி நம்மூர் பிளக்கைச் செருகும் வித்தையை யாராவது சொல்லித் தருவார்கள். செய்யாதீர்கள், பின் இறுகப் பிடிக்காது, சூடேறும்.