பாஸ்டனுக்கு நான்கு நிமிடம்

வணக்கம் சார்,

சென்னையில் வேலை, வயது 43. பாஸ்டன் மராத்தானில் ஓட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. என் வயதுக்குத் தகுதி நேரம் 3 மணி 5 நிமிடம். அதற்காகவே ஜனவரியில் மும்பையில் ஓடினேன். பாதித் தூரத்தை 1:31-க்குத் தாண்டிவிட்டேன். திரும்பும்போது பெடர் ரோடு மேட்டில் கால் நின்றுபோனது. முடித்தது 3:09:12. அமெரிக்காவில் மலையிலிருந்து இறங்கும் பாதையில் சில மராத்தான்கள் நடக்கின்றனவாம். கடன் வாங்கியாவது அங்கே போய் ஓடிவிடலாமா? "இங்கே பீச்சில் ஓடினால் போதாதா, அந்த ஊரில் அப்படி என்ன இருக்கிறது?" என்கிறார் மனைவி. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ர.

அன்புள்ள ர.,

மும்பை ஈரக்காற்றில் 3:09 நல்ல ஓட்டம். நான்கு நிமிடக் கவலையில் அதை மறந்துவிடாதீர்கள்.

கடன் வாங்க வேண்டாம். 2027 பாஸ்டனிலிருந்து விதி மாறிவிட்டது. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே 1,500 அடியோ அதற்கு மேலோ இறக்கம் இருந்தால், உங்கள் நேரத்தோடு ஐந்து நிமிடம் கூட்டுவார்கள். 3,000 அடி என்றால் பத்து நிமிடம். 6,000 அடியைத் தொட்டால் அந்த நேரத்தையே ஏற்க மாட்டார்கள். எனக்கு இது நியாயமான விதியாகத்தான் படுகிறது.

உங்கள் ஓட்டத்துக்கு வருகிறேன். 3:05-க்கு ஒரு கிலோமீட்டரை 4:23-இல் ஓடினால் போதும். நீங்கள் முதல் பாதியில் 4:19-இல் போயிருக்கிறீர்கள். பின்னால் தளர்ந்தாலும் சமாளிக்கலாம் என்று கொஞ்சம் சேர்த்து வைக்கப் பார்த்தீர்கள், இல்லையா? அப்படிச் சேர்ந்தது ஒன்றரை நிமிடம். இரண்டாம் பாதியில் போனது ஐந்தே முக்கால் நிமிடம். தசையிலும் ஈரலிலும் இருக்கும் சர்க்கரைச் சேமிப்பு இந்த வேகத்தில் 42 கிலோமீட்டருக்குக் காணாது. வேகம் கூடக்கூட உடம்பு கொழுப்பை விட்டுவிட்டுச் சர்க்கரையையே அதிகம் எரிக்கும். கிலோமீட்டருக்கு நாலு விநாடி அப்போது பெரிதாகத் தெரியாது, மூச்சுகூட வாங்காது. முப்பது கிலோமீட்டரைத் தாண்டியதும்தான் தெரியும். பெடர் ரோடு மேட்டின் மேல் பழி போடாதீர்கள். உங்கள் கால் அதற்கு வெகு முன்னால், மரீன் டிரைவிலேயே செலவாகத் தொடங்கிவிட்டது.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான். ஓட வேண்டிய வேகத்தை உங்கள் பயிற்சியிலிருந்து எடுங்கள், பாஸ்டனின் பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள். அந்தப் பட்டியல் நேரத்தை ஓடினாலும் இடம் உறுதியில்லை. 2026-இல் தகுதி நேரத்தைவிட 4 நிமிடம் 34 விநாடி வேகமாக ஓடியவர்களுக்குத்தான் இடம் கிடைத்தது. உங்கள் வயதில் அது 3:00:26. பொறியியல் கலந்தாய்வு கட்-ஆஃப் மாதிரிதான் இதுவும். மற்றவர்கள் எவ்வளவு எடுத்தார்கள் என்பதைப் பொறுத்து ஏறும், இறங்கும். பதிவு செப்டம்பரில் முடிந்த பிறகுதான் எண் தெரியும். யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாத எண்ணைத் துரத்தி முதல் பத்து கிலோமீட்டரிலேயே காலைக் கெடுத்துக்கொள்வானேன்?

முதலில் ஒரு அரை மராத்தானை 1:27-க்குள் ஓட முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் 3:05 உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அதுவரை மணிக்கட்டில் அந்த எண்ணை எழுதிக்கொண்டு தொடக்கக் கோட்டில் நிற்காதீர்கள். ஈ.சி.ஆர். லாங் ரன்னில் இருபது கிலோமீட்டர் நிதானமாகப் போய்விட்டு, கடைசிப் பத்தை மட்டும் மராத்தான் வேகத்தில் ஓடிப் பழகுங்கள். களைத்த காலோடு அந்த வேகம் எப்படி இருக்கும் என்று உடம்புக்குத் தெரிய வேண்டும். ஓடும்போது சாப்பிடும் சர்க்கரை ஜெல்லைப் பசி வரும்வரை தள்ளிப்போடாமல் முதல் அரைமணியிலேயே தொடங்கிவிடுங்கள். அப்புறம், அடுத்த முயற்சிக்குப் பிப்ரவரி மாத டெல்லி மராத்தானையும் யோசிக்கலாம். காலைக் குளிர் கொஞ்சம் கைகொடுக்கும்.

உங்கள் மனைவி கேட்டது நல்ல கேள்வி. 1897-இல் தொடங்கிய ஓட்டம் அது. 1966-இல் பாபி கிப் என்ற பெண் விண்ணப்பித்தபோது, பெண்களின் உடம்பு இதற்குத் தாங்காது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் ஹாப்கின்டனில் தொடக்கக் கோட்டருகே புதரில் மறைந்திருந்து, ஓட்டம் தொடங்கியதும் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார். 3:21:40-இல் முடித்தார். அப்போது அவருக்கு 23 வயது. இன்று அந்த வயதுப் பெண்களுக்குத் தகுதி நேரம் 3:25. அறுபது ஆண்டுக்கு முன்னால், மார்பில் போட்டி எண்ணும் இல்லாமல் பயிற்சியாளரும் இல்லாமல் ஓடிய ஓட்டம் இன்றைய கோட்டையும் தாண்டி நிற்கிறது! பெரிய நகர மராத்தான்கள் பலவற்றில் குலுக்கலில் பெயர் விழ வேண்டும். பாஸ்டனில் நன்கொடை திரட்டி ஓடுகிறவர்கள் போக, பெரும்பாலான இடங்களை ஓட்டக்காரரின் கடிகாரமே வாங்கித் தருகிறது. அந்த வாசலில் உங்கள் காலை நம்பி நிற்க ஆசைப்படுவதில் என்ன தவறு? மனைவியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

கடைசியாக ஒரு விஷயம். 45 வயதானால் தகுதி நேரம் 3:15 ஆகிவிடும். ஒரேயடியாகப் பத்து நிமிடம். அவர்கள் பார்ப்பது பாஸ்டன் ஓடும் நாளில் உள்ள வயதை, அதாவது ஏப்ரல் மூன்றாவது திங்கட்கிழமை. தகுதிக்காக ஓடும்போது உங்களுக்கு 44 ஆக இருந்தாலும், அந்தத் திங்களுக்குள் 45 முடிந்துவிட்டால் 3:15 கணக்கில்தான் வருவீர்கள். உங்கள் பிறந்தநாள் எந்த மாதம் என்று எழுதுங்கள். அதைப் பார்த்து எந்த ஆண்டுக்குக் குறி வைப்பது என்று பேசலாம்.