ஃபிளைவீல் மின்சாரம் தருமா?

அன்புள்ள ஐயா,

என் மைத்துனர் உடுமலைப்பேட்டைக்கு அருகே தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். கிணற்றுக்கு மின் இணைப்பு கேட்டுக் காத்திருக்கும் நேரத்தில், ஒருவர் ‘இலவச மின்சார இயந்திரம்’ என்று வீடியோ காட்டி விலை பேசுகிறார். 1 குதிரைத்திறன் மோட்டார் ஃபிளைவீல் என்ற கனத்த சக்கரத்தைச் சுழற்றுகிறது. ஃபிளைவீல், மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரைச் சுழற்றுகிறது. வரும் மின்சாரத்தில் ஒரு பங்கு மோட்டாருக்கே திரும்புகிறது, மிச்சத்தில் பம்ப்செட் ஓடுமாம். மோட்டாரும் ஜெனரேட்டரும் அடிப்படையில் ஒரே இயந்திரம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிறகு இது ஏன் முடியாது?

க.

அன்புள்ள க.,

எழுதியது உண்மைதான். 1873-இல் வியன்னா கண்காட்சியில், கிராம் என்பவர் வடிவமைத்த டைனமோ (மின்சாரம் தரும் இயந்திரம்) ஒன்று ஓடாமல் நின்றது; அதை ஓடிக்கொண்டிருந்த இன்னொரு டைனமோவுடன் இணைத்ததும் அது மோட்டாராகச் சுழன்றது. ஆனால் ஓடிக்கொண்டிருந்ததைச் சுழற்ற அங்கே ஓர் எஞ்சின் உழைத்தது. உங்கள் மைத்துனருக்குக் காட்டிய வீடியோவில் இல்லாதது அந்த எஞ்சின்தான்.

கணக்கைப் பாருங்கள். 1 குதிரைத்திறன் என்பது 746 வாட். மோட்டாருக்குள் அவ்வளவு மின்சாரம் போவதாக வைப்போம். மோட்டாரின் செயல்திறன் 80 சதவீதம் என்று தாராளமாகவே வைப்போம். அச்சில் கிடைப்பது 597 வாட். ஆல்டர்னேட்டருக்கும் அதே 80 சதவீதம் கொடுத்தால் வெளியே வருவது 477. முழுவதையும் மோட்டாருக்கே திருப்பினாலும் 269 வாட் துண்டு விழுகிறது. பம்ப்செட்டுக்கு மிச்சம் எங்கே? காணாமல் போனது கம்பிச்சுருளின் சூட்டிலும் இரும்பு உள்ளகத்தின் சூட்டிலும் பேரிங் உராய்விலும் இருக்கிறது. ஓடி நின்ற மோட்டாரின் மேல் கை வைத்தால் தெரியும்.

“ஆல்டர்னேட்டர் சும்மாதானே சுற்றுகிறது” என்பார்கள். சும்மா சுற்றாது. மின்சாரம் எடுக்க எடுக்க, அந்த மின்னோட்டமே சுழற்சியை எதிர்க்கும் விசையை உண்டாக்கும். 1834-இல் லென்ஸ் என்ற இயற்பியலாளர் வகுத்த விதி இது. பழைய சைக்கிளில் டைனமோ விளக்கு எரியும்போது மிதி கனத்ததே, அதற்கு ஒரு காரணம் இதுதான்.

ஃபிளைவீல்தான் இந்த வித்தையின் உயிர்நாடி. 50 கிலோ எடை, 2 அடி விட்டமுள்ள இரும்புத் தட்டு நிமிடத்துக்கு 1,440 சுற்று சுற்றினால் அதில் சேர்ந்திருப்பது சுமார் 26,000 ஜூல். 3 குதிரைத்திறன் பம்ப்செட் அதைப் பன்னிரண்டு விநாடியில் தீர்த்துவிடும். 100 வாட் பல்பு என்றால் மோட்டாரை நிறுத்திய பிறகும் இரண்டு மூன்று நிமிடம் எரியலாம். வீடியோ எடுக்க அது தாராளம். மேசைக்கடியில் பேட்டரி ஒளித்து வைப்பவர்களைவிட இவர்கள் நேர்மையானவர்கள் என்றுகூடச் சொல்லலாம்.

சேமித்த ஆற்றலைத் திருப்பி எடுக்கும் ஏற்பாட்டை நேர்மையாகச் செய்வது எப்படி என்பதற்கு உங்கள் பக்கத்து ஆனைமலையிலேயே சான்று இருக்கிறது. காடம்பாறை நிலத்தடி மின்நிலையம், 400 மெகாவாட். மின்சாரம் உபரியாக இருக்கும் நேரத்தில் மேல் ஆழியாறிலிருந்து நீரை மேலே ஏற்றுகிறார்கள். தேவை கூடும்போது அதே நீரை இறக்கி, அதே இயந்திரங்களை எதிர்த்திசையில் சுற்றவிட்டு மின்சாரம் எடுக்கிறார்கள். நீங்கள் கேட்ட ‘ஒரே இயந்திரம்’ அங்கே மலைக்குள் வேலை செய்கிறது. இத்தகைய நிலையங்களில் பொதுவாக 100 யூனிட் செலவிட்டால் 70 முதல் 80 யூனிட் வரை திரும்பும். நஷ்டம் தெரிந்தேதான் செய்கிறார்கள். இரவில் வேண்டாத மின்சாரத்தை மாலை நெருக்கடிக்கு நகர்த்துவதற்கான கூலி அது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பலமாக வீசும் மாதங்களில் உங்கள் ஊர்க் காற்றாலைகள் கொட்டும் மின்சாரத்துக்கும் இப்படிப்பட்ட சேமிப்புதான் தேவை.

மைத்துனர் முன்பணம் கொடுக்கும் முன் விற்பவரிடம் ஒன்று கேட்கட்டும்: அவர் கடைக்கு இன்னும் மின்கட்டணம் கட்டுகிறாரா? பதில் வருவதற்குள் வேளாண் பொறியியல் துறை அலுவலகத்துக்கு ஒரு நடை போய், மானியத்தில் தரும் சூரியசக்தி பம்ப்செட்டைப் பற்றி விசாரித்துவிடலாம்.