420-ஐ எடுத்துவிட்டால் பழைய வழக்கு என்ன ஆகும்?

கேள்வி: பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறேன். 2023 கடைசியில் ஒரு வியாபாரி காடாத் துணியை எடுத்துக்கொண்டு பணம் தராமல் ஏமாற்றிவிட்டார். அப்போதே புகார் கொடுத்து, 420-இல் எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். இப்போது அவர், "அந்தச் சட்டத்தையே எடுத்துட்டாங்க, உங்க கேஸ் நிக்காதுங்க" என்கிறார். உண்மையா?

பதில்: பாதி உண்மை. 420-ஆம் பிரிவு இருந்த இந்திய தண்டனைச் சட்டம் 2024 ஜூலை 1 முதல் ரத்தாகி, அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கிறது. ஆனால் உங்கள் வழக்கு அப்படியே நிற்கும்.

ஒரு சட்டத்தை ரத்து செய்தால், அன்று முதல் நடப்பவற்றுக்கு அது பொருந்தாது. அதற்கு முன் நடந்த குற்றத்தை ரத்து துடைத்துவிடாது. 1897-ஆம் ஆண்டின் பொது விதிகள் சட்டம், 6-ஆம் பிரிவு, இதைத்தான் சொல்கிறது: ரத்து செய்யும் சட்டம் வேறு மாதிரி சொல்லாதவரை, ஏற்கெனவே பிறந்த உரிமை, பொறுப்பு, தண்டனை, நடக்கிற விசாரணை எல்லாம் தொடரும். புதிய சன்ஹிதாவின் 358-ஆம் பிரிவிலும் இதையே திரும்ப எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த வியாபாரியின் வக்கீலுக்கு இது தெரியாமல் இருக்காது.

ஆக, உங்கள் வழக்கில் குற்றப் பிரிவு பழைய 420-தான். ஏமாற்றுக் குற்றத்துக்குப் புதிய சட்டத்தில் 318(4) என்று எண் மாறியிருக்கிறது. தண்டனை அதே ஏழு ஆண்டு வரைதான். உங்கள் எஃப்.ஐ.ஆரில் யாரும் எண்ணை மாற்ற வேண்டியதில்லை. மாற்றினால்தான் சிக்கல்: குற்றம் நடந்த நாளில் இருந்த சட்டப்படிதான் ஒருவரைத் தண்டிக்கலாம் என்று அரசியலமைப்பின் 20(1) சொல்கிறது.

இதே ஏமாற்று 2023-இல் நடந்து, நீங்கள் 2024 ஜூலைக்குப் பிறகு புகார் கொடுத்திருந்தால்? குற்றம் பழைய சட்டத்தில், விசாரணை நடைமுறை புதிய நடைமுறைச் சட்டத்தில். இரண்டும் கலந்த எஃப்.ஐ.ஆரைப் பார்த்து எழுத்தர் தப்பாகப் போட்டுவிட்டார் என்று பயப்பட வேண்டாம்.

தடை விதிப்பதும் ரத்து செய்வதும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வேளாண் சட்டங்களுக்கு 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. சட்டம் புத்தகத்தில் இருந்தது, நடைமுறையில் இல்லை. அதை எடுத்தது அந்த ஆண்டு நவம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிச் சட்டம்.

சரி, அவர் செக் ஏதாவது கொடுத்தாரா? அது வேறு கணக்கு. செக் திரும்பினால் போடும் 138-ஆம் பிரிவு 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் இருக்கிறது, அதை யாரும் ரத்து செய்யவில்லை. ஆனால் செக் திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பியிருக்க வேண்டும்.

எனக்கு உங்கள் வழக்கில் கவலை ரத்தைப் பற்றி அல்ல. பணம் தராதது மட்டுமே ஏமாற்று ஆகாது. துணி எடுக்கும்போதே தராத எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். அது நிரூபணமாகாமல் போனால் உங்களுக்கு மிஞ்சுவது சிவில் வழக்கு. அதற்குப் பொதுவாக மூன்று ஆண்டுதான் கெடு. கிரிமினல் வழக்கு நடக்கிறது என்பதற்காக அந்தக் கெடு நிற்காது. பில் தேதியையும், அவர் எப்போதாவது பணம் கொடுத்திருந்தால் கடைசியாகக் கொடுத்ததற்கான பேங்க் ஸ்டேட்மென்டையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே உங்கள் வக்கீலைப் பாருங்கள்.