அலுவலக மென்பொருளைப் பயன்படுத்துபவர்களே அதைத் தெரியாமல் எப்படிக் கெடுத்துவிடுகிறார்கள்?

ஒரு நடுத்தரக் கம்பெனியில் சிஸ்டம் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. நான் பார்த்தவரை, கண்ட பட்டனை அமுக்கிக் கெடுத்தவர்கள் குறைவு. சரி செய்கிறேன் என்று போய்க் கெடுத்தவர்கள்தான் அதிகம். அதுவும் பெரும்பாலும் எக்செல்லில்.

ஒரு மாதம் சம்பளம் போட்ட மறுநாள் சிலருடைய பணம் மட்டும் திரும்பி வந்துவிட்டது. போன மாதம் வரை இதே ஆட்கள், இதே கணக்குகள். ஃபைலைத் திறந்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது. அரை மணி நேரம் முறைத்துப் பார்த்த பிறகுதான் கண்ணில் பட்டது: 16 இலக்கக் கணக்கு எண்கள் அத்தனையும் 0-வில் முடிந்தன.

கணக்கு எண்களை டெக்ஸ்ட்டாக வைத்திருந்தோம். அப்படி வைத்தால் எக்செல் அந்தக் கட்டத்தின் மூலையில் சின்னதாக ஒரு பச்சை முக்கோணம் போடும். அக்கவுண்ட்ஸ் அக்காவுக்கு அது உறுத்தியிருக்கிறது. மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, எக்செல்லே நீட்டிய ‘எண்ணாக மாற்று’ என்பதை அழுத்திவிட்டார். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களைத்தான் காப்பாற்றும். 16-வது இலக்கம் 0 ஆகிவிடும். எண்கள் சுருங்கி, புள்ளியும் பிளஸ்ஸுமாக விநோதமாகத் தெரிந்ததும், அதையும் அவரே ஃபார்மட் மாற்றி நேராக்கிவிட்டார். தடயம் போனது அங்கேதான். இதில் ஒருவருடைய கணக்கு எண் இயல்பாகவே 0-வில் முடியும். அவருக்கு மட்டும் சம்பளம் போய்ச் சேர்ந்திருந்ததால் என் குழப்பம் இரண்டு மடங்கானது.

“அதுதானே தம்பி மாத்தவான்னு கேட்டுச்சு? சரின்னேன்” என்றார் அக்கா. என்னிடம் பதில் இல்லை. முந்தைய மாத ஃபைல் இருந்ததால் பிழைத்தோம். மறுபடி டெக்ஸ்ட்டாக மாற்றினாலும் போன இலக்கம் திரும்பி வராது.

பெயர் நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து அகர வரிசைப்படுத்துவது இன்னொரு ரகம். பக்கத்து நெடுவரிசைகளையும் சேர்க்கட்டுமா என்று எக்செல் கேட்கும். அவசரத்தில் ‘வேண்டாம்’ என்றால் ஒருவர் பெயருக்கு நேரே இன்னொருவர் சம்பளம் உட்கார்ந்துகொள்ளும். வாட்ஸ்அப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது பெயருக்குப் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு வந்து, தேடும் ஃபார்முலா அந்த ஆளே இல்லை என்று சாதிக்கும். இது பரவாயில்லை, பிழை முகத்துக்கு நேரே தெரிகிறது. தேதி அப்படியில்லை. கணினி அமெரிக்க முறையில் இருந்தால் நாம் அடித்த 3/4 மார்ச் 4 ஆகிவிடும். 25/4 என்று அடித்தால் 25-வது மாதம் கிடையாதே, அது வெறும் டெக்ஸ்ட்டாக இடது ஓரம் ஒதுங்கும். தேதிகளில் பாதி இடதும் பாதி வலதுமாக நின்றால் அந்த ஷீட்டை நம்பாதீர்கள்.

நம் ஆபீஸ் ஆட்கள் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். செப்ட்1, மார்ச்1 போன்ற மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக மாற்றி, ஆய்வுக் கட்டுரைகளின் இணைப்புப் பட்டியல்கள் வரை அது போயிருக்கிறது. கடைசியில் 2020-ல் மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு, விதிமுறையையே மாற்றி செப்டின்1, மார்ச்எஃப்1 என்றாக்கிய பெயர்களை அறிவித்தது. மைக்ரோசாஃப்ட் இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்திவைக்க வசதி கொடுத்தது 2023-ல். அதே 2020-ல் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றுகள் தினசரிக் கணக்கில் சேராமல் விடுபட்டன. பழைய எக்செல் வடிவத்தில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை, மீதி கொட்டிப்போனது. வேறு வடிவத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால் பத்து லட்சம் வரிகளுக்கு மேல் இடம் இருந்திருக்கும்.

சம்பள ஃபைலில் இப்போது கணக்கு எண் நெடுவரிசையைப் பூட்டி வைத்திருக்கிறேன். அக்கா எந்த ஃபைலில் பச்சை முக்கோணத்தைப் பார்த்தாலும் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு எனக்கு போன் செய்கிறார். பாதி நேரம் அது ஒன்றுமில்லாத முக்கோணம்தான். இருந்தாலும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.