தோட்டா உள்ளே போனால் போதுமா?

கேள்வி: தாத்தாவின் 12 போர் (குழல் அளவு) டபுள் பேரல் துப்பாக்கி, லைசென்ஸ் வேலையெல்லாம் முடிந்து இப்போது என் பெயருக்கு வந்துவிட்டது. பர்மிங்ஹாமில் செய்தது. குழல் முழுக்கப் பாம்புச் சட்டை மாதிரி வரி வரியாக இருக்கிறது. கடையில் வாங்கிய 70 மி.மீ. தோட்டா தடங்கலில்லாமல் உள்ளே போகிறது. ரைஃபிள் கிளப்பில் இதை வைத்துத் தட்டு (வானில் வீசும் களிமண் இலக்கு) சுடலாமா? குழலைத் தேய்த்துக் கறுப்பு ஏற்றலாமா?
- வாசகர், பொள்ளாச்சி

பதில்: அந்தத் தோட்டாவை மட்டும் போட்டுச் சுட்டுவிடாதீர்கள். உள்ளே போகிறதே என்று நம்பித்தான் பலரும் ஏமாறுகிறோம். 70 மி.மீ. என்பது வெடித்து வாய் விரிந்த பிறகு தோட்டாவுக்கு இருக்கும் நீளம். வாய் மடிந்திருக்கும்போது அது குட்டை, அதனால் எதிலும் நுழைந்துவிடும். அந்தக் காலத்து இங்கிலாந்து 12 போர்களில் பெரும்பாலானவற்றுக்குத் தோட்டா அறை இரண்டரை அங்குலம்தான். சுட்டதும் மிச்ச நீளம் குழல் குறுகுகிற இடத்தில் போய் விரியும். ரவை (தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகள்) போகும் வழி இறுகி அழுத்தம் ஏறும்.

இருபத்திரண்டு வயதில் பெரியப்பாவின் துப்பாக்கியில் இதே தப்பை நானும் செய்தேன். மூன்றாவது தோட்டாவில் மரக்கட்டையின் கழுத்தில் மயிரிழை மாதிரி விரிசல் விட்டது. இன்றைக்கும் அதைக் கையில் எடுத்தால் உள்ளங்கையில் அந்த விரிசல் தட்டுப்படும்.

நீங்கள் சொல்லும் வரிகள் டமாஸ்கஸ் குழலுடையவை. இரும்பையும் எஃகையும் சேர்த்து முறுக்கி, பட்டையாக்கி, கம்பியைச் சுற்றிச் சுருட்டி, காய்ச்சி அடித்து ஒட்டிய குழல். கரிமருந்துக் காலத்து வேலை. டமாஸ்கஸ் என்றாலே சுடக்கூடாது என்பார்கள். அது முழு உண்மை இல்லை. கரிமருந்துக்குப் பின் வந்த புகையில்லா வெடிமருந்தான நைட்ரோ மருந்துக்கான சோதனையில் தேறிய டமாஸ்கஸ் குழல்களும் உண்டு. உங்களுடையது எந்த வகை என்பதை அதன் அடிவயிறு சொல்லும். குழலைக் கழற்றிக் கவிழ்த்துப் பாருங்கள். பர்மிங்ஹாமில் 1813லேயே துப்பாக்கிக் குழல்களுக்கான சோதனைச் சாலை வந்துவிட்டது; அதன் முத்திரைகள் அங்கே இருக்கும். கிரீடத்தின் கீழ் 'என்.பி.' என்றிருந்தால் 1904க்குப் பிந்திய நைட்ரோ சோதனை. ஆனால் அது சோதித்த அன்றைய குழலுக்குத்தான் சாட்சி. அதற்குப் பிறகு யாராவது உட்புறத்தைத் தேய்த்திருந்தால், அளந்து பார்க்காமல் அதை நம்ப முடியாது.

வீட்டிலேயே செய்ய இரண்டு சோதனைகள் உண்டு. வெறும் குழலை ஜன்னல் பக்கம் நீட்டி உள்ளே பாருங்கள். ஒளி வளையங்கள் வட்டமாக இருக்க வேண்டும்; ஓரிடத்தில் நெளிந்தால் அங்கே நசுங்கல். அடுத்து, குழலின் அடியில் இருக்கும் கொக்கியில் விரலை மாட்டித் தொங்கவிட்டு நகத்தால் தட்டுங்கள். கோயில் மணி மாதிரி கார்வை நின்றால் நல்லது. 'டொக்' என்று செத்த சத்தம் வந்தால், இரண்டு குழலையும் சேர்க்கும் பட்டையில் பற்று விட்டிருக்கலாம்.

கறுப்பு ஏற்றும் பேச்சே வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். அந்த வரிகள் தெரிவதே, துருவைப் பக்குவமாக ஏறவிட்டு எடுத்ததால்தான். தேய்த்தால் வரியும் போகும், குழலும் மெலியும். கொதிக்கும் உப்புக் கரைசலில் முக்கிக் கறுப்பேற்றும் முறையோ, குழல்களைச் சேர்த்திருக்கும் ஈயப் பற்றையே தின்றுவிடும். மெல்லிய எண்ணெய்த் துணியால் துடைத்தாலே போதும்.

அடிப்பக்க முத்திரைகளை, வெளிச்சம் சாய்வாக விழும்படி வைத்துப் படமெடுத்து அனுப்புங்கள். அறை நீளத்தையும் குழல் கனத்தையும் லைசென்ஸ் உள்ள நல்ல துப்பாக்கி ஆசாரியிடம் அளந்து எழுதுங்கள். அதுவரை உள்ளே தோட்டா போக வேண்டாம்.